பெக்ஸ் மெஷினில் நம்பர்களைப் பதிவது எப்படி? (சென்னைக்குப் போட்ட பெக்ஸ் காலிக்குப் போன கதையுடன்)

கொழும்பு புறக்கோட்டையில் இருக்கும் எங்கள் கந்தோருக்குப் போன மாதம் புதிய மெஷின் ஒன்று வந்தது. பிரிண்டர், ஸ்கேனர், போட்டோகொப்பி, பெக்ஸ் எல்லாம் ஒன்றிலேயே. "இந்தக் காலத்தில் யார் பெக்ஸ் அனுப்புகிறார்கள்?" என்று கேட்காதீர்கள். மின்னஞ்சலுக்கும் சட்ட மதிப்பு உண்டு என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமே சொல்கிறதுதான். ஆனால் கவுண்டரில் இருப்பவர் "கையொப்பம் வைத்து பெக்ஸ் பண்ணுங்கோ" என்றால் சட்டம் பேசிக்கொண்டா நிற்பது?

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் வயர். மெஷினின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் டெலிபோன் வயரை 'லைன்' என்று எழுதியிருப்பதில் செருகுங்கள். மற்றது பக்கத்தில் போன் வைப்பதற்கு. கந்தோரின் பெயர், பெக்ஸ் நம்பர், திகதி, நேரம் ஆகியவற்றையும் இப்போதே சரியாகப் போட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதுதான் அச்சாகும்.

அடுத்தது நம்பர்களைப் பதிவது. மெஷினின் சின்னத் திரையில் விரலால் தட்டித் தட்டி நாற்பது பெயர் பதியும் பொறுமை எனக்கில்லை. கணினியிலேயே செய்யுங்கள். மெஷினின் நெட்வேர்க் விபரப் பக்கத்தை அச்சிட்டால் அதில் ஐபி முகவரி இருக்கும். அதை பிரவுசரில் அடித்தால் மெஷினின் சொந்தப் பக்கம் திறக்கும். கெனனில் இதை ரிமோட் யூஐ என்பார்கள், ரிக்கோவில் வெப் இமேஜ் மொனிட்டர், கியோசெராவில் கமாண்ட் சென்டர். பெயர்தான் வேறு, உள்ளே எல்லாவற்றிலும் 'அட்ரஸ் புக்' இருக்கும். புதிய பதிவு, பெயர், பெக்ஸ் நம்பர், சேமி. அவ்வளவுதான். பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தேன், மெஷின் திரையில் பெட்டி பெட்டியாகத்தான் வந்தது. ஆங்கிலத்திலேயே போடுங்கள்.

இனி நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம்.

சென்னையில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு இன்வொய்ஸ் அனுப்ப வேண்டும். விசிட்டிங் கார்டில் கூட்டல் குறி போட்டு 91 44 என்று இருந்தது. லேண்ட்லைனில் கூட்டல் குறி எடுபடாது, அதற்குப் பதில் 00 போட வேண்டும். இது எனக்குத் தெரியும். எங்கள் கந்தோரில் வெளி லைன் எடுக்க முதலில் 9 அழுத்த வேண்டும். அதுவும் தெரியும். ஆகவே 9, 00, 91, 44, பிறகு அவருடைய எட்டு இலக்கம் என்று ஒரே மூச்சில் பதிந்து, அனுப்பு பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கரில் மணி அடித்தது. பெக்ஸின் கீச்சொலிக்குப் பதிலாக ஒரு அம்மா சிங்களத்தில் "ஹலோ... ஹலோ... கவுத (யார்)?" என்கிறார். திரும்ப அனுப்பினேன். அதே அம்மா, இந்த முறை கோபமாக.

நடந்தது இதுதான். 9 அழுத்தியதும் வெளி லைனின் டயல் டோன் வர ஓரிரு வினாடி பிடிக்கும். கையால் டயல் பண்ணும்போது நாம் அந்தச் சத்தம் கேட்கும்வரை நம்மை அறியாமலே காத்திருக்கிறோம். மெஷின் காத்திருக்காது, மடமடவென்று அடித்துக்கொண்டே போகும். லைன் வரும் முன்பே முதல் பூச்சியம் காற்றோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது 0, 91, 44... நம் இலங்கையில் 091 என்றால் காலி நகரம்! அதன் பின் ஏழு இலக்கம் கிடைத்ததும் எக்ஸ்சேஞ்ச் இணைப்பைக் கொடுத்துவிட்டது. பாவம், காலியில் யாரோ ஒருவர் வீட்டு போன் எங்கள் இன்வொய்ஸுக்காக மணி அடித்துக்கொண்டிருந்தது.

தீர்வு, 9க்குப் பிறகு ஒரு இடைநிறுத்தம். பல மெஷின்களில் 'ரீடயல்', 'போஸ்' இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான். அதை அழுத்தினால் திரையில் ஒரு சின்னக் கோடு அல்லது ஆங்கில 'பி' எழுத்து வரும். பிரவுசரில் பதிவதானால் அதே அடையாளத்தை அடிக்க வேண்டும். எதுவென்று கையேட்டில் பாருங்கள், மெஷினுக்கு மெஷின் மாறும். எங்களுக்கு ஒரு இடைநிறுத்தம் போதவில்லை, இரண்டு போட்ட பிறகுதான் சென்னைக்குப் போனது.

உள்ளூர் நம்பரானாலும் கொழும்புக்கான 011ஐ விடாமல் பத்து இலக்கமும் பதியுங்கள். நாளைக்குக் கந்தோர் கண்டிக்கு மாறினாலும் பட்டியல் அப்படியே வேலை செய்யும்.

பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே விலைப்பட்டியலை அனுப்புபவர்கள் 'குரூப்' உருவாக்கலாம். ஆனால் வங்கியையும் வாடிக்கையாளரையும் ஒரே குரூப்பில் போடாதீர்கள். ஒரு தவறான தட்டல் போதும், உங்கள் கணக்கு விபரம் ஊருக்கே போய்விடும்.

அனுப்பும்போது மேல் தட்டில் வைத்தால் பெரும்பாலும் எழுத்து மேலே பார்க்க வேண்டும், கண்ணாடியில் வைத்தால் கீழே. முதல் தடவை ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பக்கம் மட்டும் அனுப்பி, எதிர்ப்பக்கம் போன் பண்ணிக் கேளுங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் சோதிக்காதீர்கள், போனை எடுக்க ஆள் இருக்காது. அனுப்பியதற்கான அத்தாட்சி ஒவ்வொரு தடவையும் அச்சாகும்படி வைப்பது என் பழக்கம். தாள் வீண் என்று கணக்குப் பிரிவு அக்கா முணுமுணுப்பார். "வரவே இல்லை" என்று மறுபக்கம் சொல்லும் நாளில் அவரே அந்தத் தாளைத் தேடி வருவார்.

பிற்சேர்க்கை 1: பட்டியலை எக்செலில் தயாரித்து மொத்தமாக ஏற்றிய ஒருவர், எந்த நம்பரும் போகவில்லை என்று எழுதியிருந்தார். எக்செல் முன்னால் உள்ள பூச்சியங்களை விழுங்கிவிடும். நீளமான வெளிநாட்டு நம்பரானால் இன்னும் மோசம், 9.14E+11 என்று சுருக்கி அதையே சேமித்தும் வைக்கும். நம்பர் அடிக்கும் முன்பே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பிற்சேர்க்கை 2: பைபர் இணைப்புக்கு மாறிய பிறகு பெக்ஸ் பாதியில் அறுகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நம்பர் பிழையில்லை. குரலைத் துண்டு துண்டாக அனுப்பும் லைனில் ஒரு துண்டு தவறினாலும் பெக்ஸ் தடுமாறும். வேகத்தை 33600இலிருந்து 9600க்குக் குறையுங்கள். பல மெஷின்களில் இதை ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக வைக்கலாம், ஆகவே தகராறு பண்ணும் நம்பருக்கு மட்டும் குறைத்தால் போதும். அப்படியும் அறுந்தால் ஈசிஎம் என்ற பிழைதிருத்தத்தை நிறுத்திப் பாருங்கள். அங்கங்கே ஒரு வரி மங்கலாக வரலாம், ஆனால் பக்கம் போய்ச் சேரும். நம்பர்கள் நிறைந்த பத்திரமானால் மட்டும் எதிர்ப்பக்கத்தில் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.