சீனியையும் சிகரட்டையும் விடேக்க எங்கட ஆக்கள் விடுற பிழையள்

வெள்ளவத்தையில எந்தத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால நிண்டாலும் ஒரு கையில பிளேன்டீ மற்றக் கையில சிகரட் எண்டு நாலு பேர் நிப்பினம், அதில ரெண்டு பேராவது "இப்ப நல்லாக் குறைச்சிட்டன் மச்சான்" எண்டுதான் சொல்லுவினம். குறைக்கிறது நல்லம்தான், ஆனா முக்கால்வாசி நேரம் நடக்கிறது ஒண்டை விட்டிட்டு இன்னொண்டைப் பிடிக்கிறது.

சீனியை எடுங்கோ. "நான் சீனி போடுறேல்ல, பனங்கட்டிதான்" எண்டு ஒரு பிளேன்டீக்கு மூண்டு துண்டு கடிக்கிற ஆக்கள் இருக்கினம். பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாத்திலயும் கூடுதலா இருக்கிறது சீனிதான், கொஞ்சம் கனிப்பொருள் இருக்கு எண்டதுக்காக நீரிழிவு உங்களை விட்டிட்டுப் போகாது. டின்பால் ஊத்தின தேத்தண்ணிக்கு "சீனி வேண்டாம்" எண்டு சொல்லுறது அதைவிடப் பகிடி, டின்பாலில கிட்டத்தட்டப் பாதி சீனி.

சோடாப் போத்தல்ல 2016இல இருந்து சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எண்டு சீனிக்கு நிறம் போடுறாங்கள் தெரியும்தானே. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினாத்தான் சிவப்பு. அப்ப 10 கிராம் உள்ளது செம்மஞ்சள், சிவப்பு இல்லைத்தானே எண்டு அரை லீற்றர் போத்தலை வெயிலுக்க ஒரே இழுவையில குடிச்சு முடிச்சா 50 கிராம் உள்ள போகுது, பன்னிரண்டு தேக்கரண்டிக்கும் மேல. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் எண்டுது. நிறத்தோட நிக்காம போத்தல் எவ்வளவு பெரிசெண்டும் பாருங்கோ.

சிகரட்டில பெரிய ஏமாத்து "நாளைக்கு ஒண்டுதானே". நாளைக்கு 20 பத்துற ஆளுக்குக் கூடுற இதய நோய் ஆபத்தில கிட்டத்தட்டப் பாதி, ஒண்டே ஒண்டு பத்துற ஆளுக்கும் கூடுது, இருபதில ஒரு பங்கு இல்லை. தனிச் சிகரட் வாங்கிறவைக்கு பக்கெட்டில இருக்கிற எச்சரிக்கைப் படமும் கண்ணில படாது.

அதை விட்டிட்டு புறக்கோட்டையில வெத்திலைக் கூறு வாங்கிப் போடுறது அடுத்த கூத்து. புகையிலை இல்லாமப் போட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும், இதில சந்தேகத்துக்கு இடமில்லை. கன்னத்துக்குள்ள தோல் இறுகி, கடைசியில சோத்துக் கவளம் வைக்கிற அளவுக்குக்கூட வாய் திறக்க ஏலாமப் போன ஆக்கள் இருக்கினம்.

ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு இருக்கு. சிகரட் புகை ஈரலை உசுப்பி கஃபீனைக் கெதியா வெளியேத்த வைக்கும், நிப்பாட்டினா அந்த வேகம் குறைஞ்சிடும், அதே அஞ்சு தேத்தண்ணிதான் ஆனா ரத்தத்தில கஃபீன் கூட நேரம் நிக்கும். நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, எரிச்சல் வரும், ஆளும் "சிகரட் இல்லாம ஏலாது" எண்டு நினைச்சுத் திரும்பப் பத்தவைப்பார். விடுற கிழமையே தேத்தண்ணியையும் பாதியாக்குங்கோ.

சிகரட்டை விடுறதுக்கு நிக்கொட்டின் சுவிங்கம் பாவிக்கிறதெண்டா சும்மா சுவிங்கம் மாதிரி மென்டுகொண்டே இருக்காதேங்கோ, காரம் வந்ததும் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வைக்கவேணும். சுவிங்கத்தை வாயில போடக் கால் மணித்தியாலம் முன்னால இருந்து சோடா, கோப்பி ஒண்டும் குடிக்கக்கூடாது, குடிச்சா வாய் புளிச்சு நிக்கொட்டின் சரியா உறிஞ்சுப்படாது, பிறகு "இது வேலை செய்யேல்ல" எண்டு சுவிங்கத்தைத்தான் குறை சொல்லுவினம்.