எடைமேடை சி++ நிரலை கேமலுடன் இணைப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கிடங்கு எடைமேடையில் ஓடும் பழைய சி++ நிரலை, ஜாவாவில் ஓடும் இணைப்புக் கருவியான அப்பாச்சி கேமலுடன் சேர்க்க, அதற்குள் ஜாவாவைத் திணிக்க வேண்டாம். நடுவில் செய்திகளை வாங்கிக் கைமாற்றும் புரோக்கரான ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக் வைத்து, சி++ பக்கம் எளிய உரைவடிவ ஸ்டாம்ப் நெறிமுறையில் 61613 போர்ட்டுக்கு அனுப்பட்டும். கேமல் 61616-இல் ஜேஎம்எஸ் (ஜாவாவின் செய்திப் பரிமாற்ற இடைமுகம்) வழியாக வாங்கிக்கொள்ளும்.

ஸ்டாம்ப் ஃப்ரேம், அதாவது ஒரு செய்தியின் பொதி, எளிது: செண்ட் கட்டளை, தலைப்புகள், ஒரு வெற்று வரி, உள்ளடக்கம், கடைசியில் மதிப்பு 0 கொண்ட ஒரு நல் (null) பைட். அந்த பைட்டை விட்டுவிட்டால் பிழைச் செய்தியே வராது. புரோக்கர் மீதிக்காகக் காத்தே கிடக்கும்.

கன்டென்ட்-லெங்த் (உள்ளடக்க நீளம்) தலைப்பு இருந்தால் கேமலுக்குப் போவது பைட்ஸ்மெசேஜ் (வெறும் பைட்டுகள்), இல்லாவிட்டால் டெக்ஸ்ட்மெசேஜ் (எழுத்து). எழுத்தாகவே வேண்டுமென்றால் அந்தத் தலைப்பை நீக்குங்கள், அல்லது கேமலில் செய்தி செல்லும் வழியான ரூட்டில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு ஸ்ட்ரிங்காக மாற்றுங்கள்.

இங்கே பலரைக் கவிழ்ப்பது தசமக் குறி. தென்னாப்பிரிக்க விண்டோஸ் அமைப்பில் அது காற்புள்ளி. நிரல் அந்த லொகேலை (நாட்டு வழக்க அமைப்பை) எடுத்துக்கொண்டால் 12,5 என்று எழுதும். ஜாவாவின் டபுள் மாற்றி நம்பர்ஃபார்மட்எக்ஸெப்ஷன் வீசும். எண்களை எழுதும் இடத்தில், புள்ளியைத் தசமக் குறியாக இடும் சி லொகேலையே கட்டாயமாக்குங்கள்.

மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள். செய்தியைச் சேமித்து வைக்கச் சொல்லும் பெர்சிஸ்டென்ட் தலைப்பை ட்ரூ ஆக்காவிட்டால் புரோக்கர் நின்றதும் செய்தி போச்சு. ரிசீட் (செய்தி கிடைத்ததற்கான ஒப்புகை) கேளுங்கள்; பதில் வரும்வரை எடைச்சீட்டை வட்டிலிருந்து அழிக்காதீர்கள். மறுபடி அனுப்பும்போது இரட்டிப்பு வரத்தான் செய்யும். சீட்டு எண்ணைத் தலைப்பில் வைத்து கேமலில் ஏற்கெனவே வந்ததைத் தள்ளிவிடும் ஐடெம்பொடென்ட் கன்ஸ்யூமரில் வடிகட்டுங்கள்; அதன் பதிவை நினைவகத்தில் வைக்காமல் தரவுத்தளத்தில் வையுங்கள்.

கேமலில் ட்ரான்ஸாக்டட் (வேலை முடிந்தால்தான் செய்தியை வாங்கியதாகக் கொள்ளும் அமைப்பு) போட்டால், செயலாக்கத்தில் தோல்வியுற்ற செய்தி, இயல்பான அமைப்பில், 6 மறுமுயற்சிக்குப் பின் ஆக்டிவ்எம்க்யூ.டிஎல்க்யூ என்ற தோல்விச் செய்திகளுக்கான வரிசையில் கிடக்கும். தேடுவதானால் முதலில் அங்கே.