பனிக்காலத்துக்கு ஏற்ற கொள்ளு ரசம்: முதன்முறை சமைப்பவர்களுக்கான செய்முறை

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கொள்ளு உடலுக்குச் சூடு தரும் என்று கருதிக் கோடையில் அதைக் குறைத்துக்கொள்ளும் கொங்கு நாட்டு வீடுகளிலும், இந்த மாதங்களில் அது அடிக்கடி அடுப்பேறிவிடும். ஒருமுறை வேகவைத்தால் இரண்டு பதார்த்தங்கள் கிடைக்கும்: வடித்த நீர் ரசமாகும், வெந்த பயறு கொள்ளுப் பருப்பாகும். ரசத்தின் சுவை பெரும்பாலும் அந்த வடிநீரிலிருந்தே வருவதால், வேகவைக்கும் பகுதியில் அவசரப்பட வேண்டாம்.

நான்கு பேருக்கு ஒரு குவளை, அதாவது 200 மில்லி அளவுள்ள குவளை நிறையக் கொள்ளு போதும். கொள்ளில் அதே நிறத்துச் சிறு கற்கள் கலந்திருக்கும். ஆகவே முதல் வேலையாகத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கிவிடுங்கள். பிறகு வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசனை எழும் வரை வறுத்து, ஆறியதும் இரண்டு முறை கழுவி, இரவு முழுவதும் ஊற வையுங்கள். ஊறாத கொள்ளு வேக வெகுநேரம் பிடிக்கும்.

மறுநாள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, ஐந்து குவளை புது நீர் ஊற்றிக் குக்கரில் ஆறு விசில் வந்தபின் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். கொள்ளு நுரைத்துப் பொங்கும் இயல்புடையது என்பதால், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி தானாக அடங்கியதும் திறந்து, ஒரு பயற்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக மசிந்தால் வடிகட்டலாம். இல்லையென்றால் இன்னும் மூன்று விசில் விடுங்கள். செம்பழுப்பு நிறத்தில் நீர் இறங்கும். அதில் இரண்டு கரண்டி வெந்த கொள்ளை மசித்துக் கலந்தால் ரசத்துக்குக் கனம் கூடும்.

சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியை அதில் பிசைந்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், தோலோடு ஆறு பல் பூண்டு ஆகியவற்றை உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்சியில் நைஸாக அரைத்தால் ரசம் கலங்கிக் கசக்கும். வடிநீரையும் இடித்ததையும் புளிநீரில் சேர்த்து, ஓரங்களில் நுரை கூடி மேலே எழும்போதே இறக்கிவிடுங்கள். தளதளவெனக் கொதித்த ரசத்தில் மிளகின் மணம் நிற்காது. கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றை நெய்யில் தாளித்துக் கொட்டி, மல்லித்தழை தூவி மூடிவையுங்கள்.

மீதிக் கொள்ளைக் கொள்ளுப் பருப்பாக்க, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவற்றை வதக்கி, கொள்ளுடன் கொரகொரப்பாக அரைத்தால் போதும். சூடான சோற்றில் அதைப் பிசைந்து நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட்டபின் ரசத்துக்குப் போவதே நல்ல வரிசை. மீந்த ரசம் மறுநாள் சற்றுக் கெட்டிப்பட்டிருக்கும். கொஞ்சம் வெந்நீர் சேர்த்துச் சூடாக்கி, அப்போதும் நுரை எழுந்தவுடன் இறக்கிவிடுங்கள்.