லேன் எது, வேன் எது: லினக்ஸ் ரவுட்டரில் போர்ட்டுகளுக்கு மாறாத பெயர்

ஒரே நெட்வொர்க் போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள மடிக்கணினிக்கு இந்தப் பெயர் வைக்கும் வேலை தேவையில்லை. இரண்டோ நான்கோ போர்ட் வைத்த பெட்டியை ரவுட்டராக ஓட்டுபவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சிறு அலுவலகங்களுக்கு டெபியன் லினக்ஸ் ஏற்றிய மினி பிசியை ரவுட்டராக அமைத்துக் கொடுப்பது என் தொழில். லேன் (அலுவலகத்தின் உள் வலையமைப்பு), வேன் (இணையப் பக்கம்) என்று போர்ட்டுகளுக்கு நானே பெயர் வைக்காமல் எந்தப் பெட்டியையும் ஒப்படைப்பதில்லை. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதிகள் அத்தனையும் அந்தப் பெயர்களை நம்பித்தான் நிற்கின்றன.

லினக்ஸின் மையமான கர்னல் எந்த நெட்வொர்க் கார்டை முதலில் கண்டதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1 என்பதே பழைய வழக்கம். டிரைவர்கள் ஒரே சமயத்தில் ஏறுவதால் இந்த வரிசை ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறக்கூடும். 2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197 (லினக்ஸ் எழும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் நிரல்), கார்டு இருக்கும் இடத்தைப் பார்த்துப் பெயரிடத் தொடங்கியது. மதர்போர்டிலேயே இருக்கும் கார்டுக்கு பயாஸ் எண் தந்தால் இஎன்ஓ1. ஸ்லாட் எண் தெரிந்தால் இஎன்எஸ்1. இரண்டும் இல்லையென்றால் பிசிஐ பஸ் (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் தடம்) எண்ணை வைத்து இஎன்பி3எஸ்0.

சிக்கல் இந்தக் கடைசி வகையில்தான். பஸ் எண் கார்டில் பொறித்தது அல்ல. பூட் ஆகும்போது வரிசையாக எண்ணிக் கொடுப்பது. புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்கையோ கிராபிக்ஸ் கார்டையோ செருகினால், இஎன்பி3எஸ்0 அடுத்த பூட்டில் இஎன்பி4எஸ்0 ஆகிவிடலாம். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் வேறொருவர் அமைத்த பெட்டி இருந்தது. அதில் டிஸ்க் சேர்த்த மறுநாள் காலை யாருக்கும் இணையம் இல்லை. கேபிளை மாற்றி, ஸ்விட்சை மாற்றி, பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயரில் ஓர் எண் கூடியிருந்தது.

இணையம் போனால் உடனே தெரிந்துவிடும். அதைவிட மோசமான ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸின் விதிகளில், எந்தப் போர்ட் வழியாக வந்தது என்பதற்கு ‘ஐஐஎஃப்’ என்று எழுதியிருந்து, ஏற்றும் நேரத்தில் அந்தப் பெயரில் போர்ட் இல்லாவிட்டால், விதித் தொகுப்பு முழுவதுமே ஏறாது. பெட்டி ஃபயர்வால் இல்லாமலே எழுந்து நிற்கும். ‘ஐஐஎஃப்நேம்’ என்று எழுதினால் பெயர் மட்டுமே ஒப்பிடப்படும், இந்த ஆபத்து இல்லை. ரவுட்டரில் எப்போதும் அதையே எழுதுங்கள்.

இனி வேலை. கீழே கட்டளைகளை ஒலிப்புப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முதலில் எந்தப் பெயர் எந்தத் துளைக்கு உரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியின் பின்புறம் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள், பல மினி பிசிக்களில் அது லினக்ஸின் வரிசையோடு ஒத்துப்போவதில்லை. ‘ஈத்டூல்’ கட்டளைக்குச் சிறிய ‘பி’ (p) தேர்வும் போர்ட் பெயரும் கொடுத்தால், டிரைவர் ஆதரித்தால் அந்தத் துளையின் விளக்கு மின்னும். உடனே ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அதே கட்டளைக்குப் பெரிய ‘பி’ (P) கொடுத்தால் கார்டில் ஆலையிலேயே பதிந்த மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) கிடைக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இடிசி, அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க் என்ற கோப்புறையில் போர்ட்டுக்கு ஒரு கோப்பு. பெயர் ‘10-லேன்0.லிங்க்’ போல இருக்கட்டும். கோப்புகள் பெயர் வரிசைப்படி பார்க்கப்படும், முதலில் பொருந்துவது மட்டுமே செல்லும். சிஸ்டம்டியின் சொந்தக் கோப்பு 99 என்று தொடங்குவதால் 10 அதை முந்திவிடும். உள்ளே நான்கே வரி. சதுர அடைப்புக்குள் ‘மேட்ச்’. அதன் கீழ் ‘பெர்மனன்ட்மேக்அட்ரஸ்’, சமக்குறி, குறித்து வைத்த முகவரி. பிறகு சதுர அடைப்புக்குள் ‘லிங்க்’. அதன் கீழ் ‘நேம்’, சமக்குறி, லேன்0. சொற்களின் முதல் எழுத்து பெரியது, ‘மேக்’ முழுவதும் பெரிய எழுத்து, நடுவே இடைவெளி கூடாது.

வெறும் ‘மேக்அட்ரஸ்’ என்று எழுதும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. நான் அதை ஏற்பதில்லை. விலேன் (ஒரே கார்டின் மேல் பிரித்த தனி வலையமைப்பு) அமைத்தால் அது தாய்க் கார்டின் முகவரியையே எடுத்துக்கொள்ளும், பிரிட்ஜும் (பல போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) சில சமயம் அப்படியே. பிறகு லேன்0 என்ற ஒரே பெயருக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். பதிந்த முகவரி அசல் கார்டுக்கு மட்டுமே உண்டு. இந்த வசதி சிஸ்டம்டி 245 முதல் இருக்கிறது, டெபியன் 12இல் இருப்பது 252.

பெயரை 15 எழுத்துக்குள் வையுங்கள், கர்னல் அதற்கு மேல் ஏற்காது. ஈத் என்றோ டபிள்யூலேன் என்றோ தொடங்கக் கூடாது. கர்னலும் அதே பெயர்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும், மோதல் வரலாம். ‘நெட்.இஃப்நேம்ஸ்=0’ என்று பூட் வரியில் சேர்த்துப் பழைய ஈத்0வுக்குத் திரும்பச் சொல்வார்கள். ஒரு போர்ட் பெட்டியில் பரவாயில்லை, ரவுட்டரில் வேண்டாம்.

உபுண்டு சர்வரில் நெட்பிளான் (நெட்வொர்க்கை அமைக்கும் கருவி) இருந்தால், அதன் ‘மேட்ச்’, ‘செட்-நேம்’ இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

ரீபூட்டுக்கு முன் பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று இடிசி முழுவதும் கிரெப் போட்டுத் தேடி மாற்றுங்கள்: இன்டர்ஃபேஸஸ் கோப்பு, என்எஃப்டேபிள்ஸ், டிஎன்எஸ்மாஸ்க். பிறகு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையை ‘யு’ தேர்வோடு ஓட்டுங்கள். ஃபெடோராவில் ‘டிராகட்’, ‘எஃப்’. போர்ட்டுக்குப் பெயரிடும் யுடெவ், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே ஓடத் தொடங்குவதால், புதிய கோப்பு அங்கும் இருக்க வேண்டும். இந்த ரீபூட்டை எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியே தொலைவிலிருந்து நுழைவது) வழியாகச் செய்யாதீர்கள். மானிட்டரும் கீபோர்டும் பெட்டியில் இணைந்திருக்கட்டும்.

எழுந்த பிறகு ‘ஐபி லிங்க்’ பாருங்கள். பெயர் மாறவில்லையென்றால் ‘யுடெவ்ஆட்எம் இன்ஃபோ’வில் அந்தப் போர்ட்டைக் கேளுங்கள்; எந்த லிங்க் கோப்பு பொருந்தியது என்று ஒரு வரி வரும். 99 என்று தொடங்கும் கோப்பு வந்தால் பெரும்பாலும் முகவரியைத் தப்பாகத் தட்டியிருப்பீர்கள்.

விர்ச்சுவல் மெஷினை க்ளோன் செய்தால் பொதுவாகப் புதிய மேக் வரும், கோப்பு பொருந்தாது. கார்டு பழுதாகி மாற்றினாலும் அப்படியே. அப்போது அந்த ஒரு வரியில் புதிய முகவரியைப் போட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். ஃபயர்வால் விதி ஒன்றைக்கூடத் தொட வேண்டியிருக்காது.