பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு: மெமரி கார்டிலிருந்து மூன்றாவது நகல் வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரைக் கூட்டம் எழும்புவதைத் தொடர் ஷாட்டில் எடுக்கத் தொடங்கினால், வெயில் ஏறுவதற்குள் 800 படங்கள் சேர்ந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு (ஜேபெக் ஆக்கப்படாத மூலப் படம்) ஏறத்தாழ 25 எம்பி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு காலைப்பொழுதின் கணக்கு 20 ஜிபி. இவற்றை ஒழுங்காக இறக்கி, பெயரிட்டு, நகலெடுத்து வைக்கும் முறையைக் கீழே வரிசைப்படி விளக்குகிறேன். இதற்குக் கணினியும் கார்டு ரீடரும் இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகளும் போதும்.

படி 1: கேமராவின் கடிகாரம்

புறப்படுவதற்கு முன் கேமராவின் தேதியையும் நேரத்தையும் கைப்பேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். படம் எடுக்கப்பட்ட நேரம் எக்ஸிஃப் தகவலாகக் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. பின்னாளில் எந்த மென்பொருளும் இதை வைத்துத்தான் படங்களை வரிசைப்படுத்தும். பேட்டரி இல்லாமல் நீண்ட நாள் கிடந்த கேமரா பழைய தேதிக்குத் திரும்பியிருக்கக்கூடும்.

படி 2: கார்டிலிருந்து இறக்குதல்

கார்டை ரீடரில் செருகியதும் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் தெரியும். அதிலுள்ள படங்களை ‘காப்பி’ செய்யுங்கள், ‘கட்’ செய்யாதீர்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் கேபிள் அசைந்தாலோ மின்சாரம் போனாலோ, எந்தப் படம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட வேண்டியதாகிவிடும். முடிந்தபின் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றுதானா என்று பார்த்து, சில படங்களைத் திறந்து பெரிதாக்கியும் பாருங்கள். கார்டை இப்போதே அழிக்க வேண்டாம். அதற்கான வேளை பிறகு வரும்.

படி 3: ஃபோல்டரும் பெயரும்

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று என்று வையுங்கள். பயண ஃபோல்டரின் பெயர் ‘2025-01-19_பள்ளிக்கரணை’ என்பதுபோல ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் அமையட்டும். நாளை முதலில் எழுதினால், பெயர்வாரியாக அடுக்கும்போது எல்லா மாதத்து 19-ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். பறவையின் பெயரில் ஃபோல்டர் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஒரே சட்டகத்தில் பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் நின்றால் அந்தப் படத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். பறவையின் பெயரைக் குறிச்சொல்லாகச் சேர்த்தால் இந்தச் சிக்கல் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம் போன்ற மென்பொருளில் இது எளிது.

கோப்புப் பெயரிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான கேமராக்கள் படங்களுக்கு நான்கு இலக்க எண்ணே இடுகின்றன. 9999 முடிந்ததும் எண் மறுபடி 0001-இல் தொடங்கும். பறவைப் படக்காரர்கள் சில மாதங்களிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்கள். பிறகு ஒரே பெயரில் இரு வேறு படங்கள் இருக்கும், அவற்றை ஒரே ஃபோல்டரில் போட நேர்ந்து ‘ரீப்ளேஸ்’ என்பதை அழுத்தினால் பழையது போய்விடும். ஆகவே இறக்கும்போதே எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் முன்னால் தேதியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 4: கழித்தல்

800 படங்களில் வைத்துக்கொள்ளத் தக்கவை நாற்பதோ ஐம்பதோதான் தேறும். பறவையின் கண்ணில் குவியம் விழாதவற்றையும் இறக்கை வெட்டுப்பட்டவற்றையும் முதல் சுற்றிலேயே நீக்கிவிடலாம். இதைச் செய்யச் சோம்பினால், குப்பைக்கும் சேர்த்து மூன்று நகல் எடுப்பீர்கள்.

படி 5: இரண்டாவதும் மூன்றாவதும்

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புகள், அவற்றுள் ஒரு நகல் வேறு இடத்தில்: ஒளிப்படக்கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய இந்த 3-2-1 விதியில், தொடக்கநிலையினர் எளிதில் தட்டிக்கழிப்பது கடைசிப் பகுதியைத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் இருந்தோம். மூல டிஸ்க்கையும் அதன் நகலையும் மேசையின் ஒரே கீழ் இழுப்பறையில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்தே நனைந்தன. இப்போது இரண்டாவது டிஸ்க் அக்கா வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்துவந்து புதிய ஃபோல்டர்களைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறேன். அதுவரை காத்திருக்க முடியாத நல்ல படங்களை அன்றன்றே கிளவுடில் ஏற்றிவிடுகிறேன்; விதி கேட்கும் இரண்டாம் வகைச் சேமிப்பும் அதுவே.

கிளவுடைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான். ஒரு காலைப்பொழுதின் ரா கோப்புகளே அதில் அடங்கா. தவிரவும், ஒத்திசைவும் காப்பு நகலும் ஒன்றல்ல. ஒத்திசைக்கும் ஃபோல்டரில் ஒரு படத்தைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் சேர்ந்தே ஒத்திசைக்கப்படும்.

லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூடும்போது அது ‘பேக்கப்’ செய்யவா என்று கேட்பது கேட்டலாக்கை மட்டுமே. நீங்கள் செய்த திருத்தங்களும் மதிப்பீடுகளும் அதில் இருக்கும், படங்கள் இருக்கமாட்டா. இரண்டையும் தனித்தனியே நகலெடுங்கள்.

படி 6: கார்டைக் காலிசெய்தல்

படங்கள் குறைந்தது இரண்டு இடங்களில் இருப்பதை உறுதிசெய்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவின் மெனுவில் செய்வது நல்லது. தவறிப்போய் முன்னரே ஃபார்மேட் செய்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்துவையுங்கள். பழைய படங்களின்மேல் புதியவை எழுதப்படாதவரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பலவற்றை மீட்க வாய்ப்புண்டு.

படி 7: சோதித்தல்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காப்பு டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, பழைய ஃபோல்டர்கள் சிலவற்றிலிருந்து பத்துப் படங்களையாவது முழு அளவில் திறந்து பாருங்கள். திறக்க மறுக்கும் படமோ, பாதியில் சாம்பல் பட்டையாக முடியும் படமோ தென்பட்டால், மூலம் நலமாக இருக்கும்போதே புது டிஸ்க் வாங்கி முழு நகலையும் மறுபடி எடுத்துவிடுங்கள்.