ஆல்டர்னேட்டரை மேலே ஏற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்ப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு, பழைய ஜீப்போ பொலிரோவோ கையில் இருந்தால், "ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் மேலே தூக்கி வச்சுடலாமாண்ணே?" என்று பட்டறையில் கேட்கத் தோன்றுவது இயல்புதான்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றி, பேட்டரிக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பல எஞ்சின்களில் அது கீழே, பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் சேறு உள்ளே போனால் கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங், பேரிங் எல்லாம் அரைபட்டுவிடும். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து வேலையை முடித்தால், சேறு செய்ய வேண்டிய சேதத்தை நாமே செய்துவிடுவோம்.

முதலில், இடம் வசதியாக இருக்கிறதே என்று ஃபெண்டரிலோ சேஸிஸிலோ ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட் அடிப்பது. கூடவே கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கிறது. பானட்டைத் திறந்துவைத்து, ஒருவரை ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதிக்கச் சொல்லிப் பாருங்கள், எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும். ஆல்டர்னேட்டர் எஞ்சினோடு சேர்ந்து ஆடாவிட்டால் பெல்ட் ஒருமுறை இழுபடும், ஒருமுறை தளரும், கடைசியில் கழன்று ஓடும். பிராக்கெட் எஞ்சின் பிளாக்கிலோ ஹெட்டிலோ ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில்தான் உட்கார வேண்டும்.

அந்தப் பிராக்கெட்டும் 3 மில்லிமீட்டர் தகட்டில் அவசரத்துக்கு வெட்டியதாக இருக்கக் கூடாது. ஐந்தாறு கிலோ எடை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும்போது, வெல்டிங் ஓரத்தில் முதலில் முடி போல ஒரு கீறல் விழும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் தகடு, மூலையில் முக்கோணத் தாங்கு, ஆல்டர்னேட்டரில் போல்ட் போகும் இரண்டு காதையும் பிடிக்கும் அமைப்பு, இவை மூன்றும் வேண்டும். காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அளவாகக் கடைந்த ஸ்பேசர் போடுங்கள். போல்ட்டை முறுக்கியே இடைவெளியை மூடப் பார்த்தால் அலுமினியக் காது சடக்கென்று உடையும்.

பெல்ட் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு புல்லிக்கு நடுவே 30 சென்டிமீட்டர் தூரம் என்றால், நேர்கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. புல்லியின் வெளி விளிம்பை நம்பாமல், பெல்ட் ஓடும் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்து பாருங்கள். மேலே தூக்கியதும் சின்னப் புல்லியைப் பெல்ட் சுற்றும் வளைவு குறைகிறதா என்பதும் முக்கியம். 14 வோல்ட்டில் 90 ஆம்பியர் என்றால் 1260 வாட். உள்ளே வீணாகும் சக்தியையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இத்தனையையும் இழுக்க வேண்டிய பெல்ட் அரைகுறையாகத் தொட்டால் கிறீச்சிடும், எரியும். புதுப் பாதையில் வாட்டர் பம்ப்பும் இருந்தால், அது முன்பு சுற்றிய திசையிலேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். மாறிச் சுற்றினால் எஞ்சின் சூடேறிவிடும்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. நம்மூர் டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க உதவும் பூஸ்டருக்கு, காற்றை உறிஞ்சித் தரும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் வரும் குழாய் ஒன்று, ஆயில் திரும்பிப் போகும் குழாய் ஒன்று, பூஸ்டருக்குப் போகும் குழாய் ஒன்று. திரும்பும் ஆயில் தன் எடையில் கீழே இறங்குவது. அந்தக் குழாய் நடுவில் தொங்கி வளைந்தால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி ஆல்டர்னேட்டருக்குள் கசியும். பூஸ்டர் குழாய்க்குக் கையில் கிடைத்த டியூபைப் போட்டால் உறிஞ்சும்போது சப்பையாகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பிரேக் பெடல் கல்லாக நிற்கும். வேலை முடிந்ததும் இப்படிச் சோதியுங்கள்: எஞ்சின் ஓடாதபோது பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பம்ப்பும் ஒரே திசையில்தான் வேலை செய்யும் என்பதால், ஆல்டர்னேட்டரைத் திருப்பி மாட்டும் யோசனையே வேண்டாம்.

வயரில் கைவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய டெர்மினலில் சாவி போடாமலே கரன்ட் இருக்கும். பழைய வயரை நடுவில் முறுக்கி ஒட்டுப்போட்டு நீட்டாமல், தடிமனான புது வயரை முழு நீளத்துக்கும் இழுத்து, பழைய ஃபியூஸையும் வழியில் வையுங்கள். புதுப் பிராக்கெட்டுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்திருப்பீர்கள், அந்தப் பெயிண்டே கரன்ட் திரும்பிப் போகும் எர்த்தைத் தடுக்கும். தொடும் இடத்தைச் சுரண்டிவிட்டு, தனி எர்த் வயர் ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

பானட்டுக்கும் அந்தப் பெரிய டெர்மினலுக்கும் இடையே குறைந்தது 25 மில்லிமீட்டராவது இருக்கட்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை டெர்மினலின் ரப்பர் மூடி மேல் உருட்டி வைத்துப் பானட்டை மூடித் திறந்தால், எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எஞ்சின் ஆடுவதற்கும் இடம் வேண்டும். தொட்டால் ஷார்ட், அப்புறம் தீ. சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் நெருங்கினால் நடுவே வெப்பத் தகடு ஒன்று அவசியம்.

இவ்வளவும் செய்தபின் வண்டி படகாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. எஞ்சின் காற்றை இழுக்கும் ஏர் ஃபில்டர் வாய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளையும். ஸ்டார்ட்டர் மோட்டார் கீழேதான் இருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரை வாரி ஆல்டர்னேட்டர் மேலேயே அடிக்கும், உயரத்தில் இருந்தாலும் நனையும். கடலூர்க் கடற்கரையில், தாழங்குடா, சில்வர் பீச் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றே டெர்மினலைப் பச்சை பூக்க வைத்துவிடும். அதற்காகப் பிரஷர் பம்ப்பை நேராக ஆல்டர்னேட்டருக்குள் பிடிக்காதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகு மெதுவாக நல்ல தண்ணீர் விட்டால் போதும்.

போல்ட் எல்லாம் டைட் வைத்ததும் ஒவ்வொரு தலையிலும் பெயிண்டால் ஒரு கோடு, அது பிராக்கெட் வரை நீளும்படி இழுத்துவிடுங்கள். மேடு பள்ளத்தில் ஓட்டிவந்த பிறகு எந்தக் கோடு விலகியிருக்கிறது என்று பார்த்தால், எந்த போல்ட் தளர்கிறது என்பதை ஸ்பேனர் எடுக்காமலே கண்டுபிடிக்கலாம்.