கஷ்டம் வரும்போது கர்த்தரின் அன்பையும் சிட்சையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது எப்படி?

இங்கே மலேசியாவில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஆள் குறைப்புக் கடிதம் வந்த அன்றே, பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிசல்ட்டைக் கையில் வாங்கிய அன்றே, நம் ஜனங்களின் மனதில் முதலில் எழும் கேள்வி "நான் என்ன பாவம் செய்தேன், ஆண்டவர் ஏன் என்னை அடிக்கிறார்?" என்பதுதான். பட்டர்வொர்த், பிறை பக்கம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் இதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன், கேட்காமலே முகத்திலும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியோடு ராத்திரி தூக்கமில்லாமல் புரள்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்பு முதலில் உறுதியாகட்டும், சிட்சையை, அதாவது ஆண்டவர் நம்மைக் கண்டித்துத் திருத்துவதை, அப்புறம் கேட்கலாம். இந்த வரிசை மாறிப்போனால் வேதத்தில் எந்த வசனத்தைத் திறந்தாலும் அது மிரட்டலாகத்தான் காதில் விழும்.

எபிரெயர் 12ஆம் அதிகாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு எல்லாரும் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து" என்ற 6ஆம் வசனத்தை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து இரண்டு அதிகாரம் பின்னால் போய், 10:32 முதல் 34 வரை வாசியுங்கள். அந்த நிருபம் யாருக்குப் போனதோ அவர்கள் தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் அல்ல. விசுவாசத்துக்காக நிந்திக்கப்பட்டவர்கள், சிறையில் கிடந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள், சொத்தைக் கொள்ளை கொடுத்தவர்கள். அவர்களிடம் "நீ செய்த பாவம் எது, யோசித்துப் பார்" என்று அந்த ஆசிரியர் ஒரு இடத்திலும் விசாரிக்கவில்லை. "தேவன் உங்களைப் புத்திரராக எண்ணி நடத்துகிறார்" என்றுதான் சொல்கிறார். அவர்கள் பிள்ளைகள் என்பது முதலிலேயே முடிவான விஷயம், சிட்சையைப் பற்றிய பேச்சு அதற்குள் வருகிறது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. நம்மில் நிறையப் பேர் ரோத்தான் பிரம்பு சுவரில் ஆணியில் தொங்கிய வீட்டில் வளர்ந்தவர்கள். ஷிப்ட் முடிந்து அலுத்து வரும் அப்பா, எந்தப் பிள்ளை செய்தது என்றுகூடப் பார்க்காமல் எடுப்பார். அப்படி வளர்ந்த ஒருவருக்கு "தகப்பன் சிட்சிக்கிறார்" என்று சொன்னால் உடம்பே முதலில் சுருங்கும், அது அவருடைய விசுவாசக் குறைவு அல்ல. எபிரெயர் 12இன் 10ஆம் வசனத்தை அவர்கள் மெதுவாக, இரண்டு மூன்று தடவை வாசிக்க வேண்டும். நம்முடைய தகப்பன்மார் தங்களுக்கு நலமென்று தோன்றினபடி சிட்சித்தார்கள், தேவனோ நம்முடைய பிரயோஜனத்துக்காகவே சிட்சிக்கிறார் என்று அது பிரித்துக் காட்டுகிறது. உங்கள் அப்பாவின் கோபத்தைத் தேவனுடைய முகத்தில் ஒட்டாதீர்கள். புலம்பல் 3:33 அவர் மனப்பூர்வமாய் மனுஷரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்கிறது, எருசலேம் இடிந்து கிடக்கும்போது எழுதிய வரி அது.

அன்பும் திருத்தலும் எந்த வரிசையில் வரும் என்று தெரிய வேண்டுமானால் 1 இராஜாக்கள் 19ஐத் திறங்கள், எனக்குத் தெரிந்து வேதத்தில் இதைவிடத் தெளிவான இடம் இல்லை. எலியா வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். பெரிய தீர்க்கதரிசி, நேற்றுவரை அக்கினியை இறக்கினவர், இப்போது ஒரு ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறார். திட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் ஏது? ஆனால் தூதன் வந்து தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போது "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று மட்டும் ஒரு வார்த்தை. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்த பிறகுதான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருகிறது. நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று அவர் புலம்ப, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடங்காதவர்கள் 7000 பேர் இருக்கிறார்கள் என்று கர்த்தர் திருத்துகிறார், அடுத்த வேலையைக் கொடுக்கிறார், கூட வர எலிசாவையும் காட்டுகிறார். அவருடைய தவறான எண்ணம் திருந்தியது, அவர் நொறுக்கப்படவில்லை.

அதனால் முதல் சில நாட்கள் காரணம் தேடாதீர்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள், வேலை போயிருந்தால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதிக்கு 60 நாளுக்குள் மனுப்போடுங்கள். கடன் கழுத்தை நெரித்தால் ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரரிடம், போவதற்கு முன் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் பேசுங்கள், ஆலோசனைக்குக் காசு கிடையாது. இதெல்லாம் விசுவாசம் இல்லாதவர் செய்கிற வேலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எலியாவுக்குக் கிடைத்த அடைதான் இது. சாகலாம் என்ற எண்ணமே வந்துவிட்டால் சபையில் ஒருவருக்கு இப்போதே போன் போடுங்கள், அல்லது மனம் விட்டுப் பேச உதவும் பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடலாம்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு சங்கீதம் 139:23, 24ஐ ஜெபமாகச் சொல்லுங்கள், "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." சொல்லிவிட்டு ஒரு தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமைதியாக இருங்கள். ஆண்டவர் காட்டுவது எப்போதும் குறிப்பாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது "நீ கெட்டவன்" என்று பொதுவாகச் சொல்லவில்லை, ஒரு மனுஷனை, ஒரு மனைவியை, ஒரு செயலைச் சொன்னார். உங்களுக்கும் அப்படி ஏதாவது தெளிவாக வந்தால், அம்மா வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பியோடு பேசாமல் விட்டது, வேலைக்காரப் பெண்ணுக்குப் பிடித்து வைத்த சம்பளம், வாராவாரம் எடுக்கிற லாட்டரி நம்பர், எதுவானாலும் எழுதிக்கொண்டு அந்த வாரத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். தம்பிக்குப் போன் போடுங்கள், சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒன்றும் வரவில்லையா, சரி, தாளை மூடிவிடுங்கள். தோண்டித் தோண்டிச் சிறுவயதுப் பொய்வரை போகாதீர்கள். எதற்கென்றே தெரியாமல் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "நீ உருப்படமாட்டாய்" என்று சொல்லும் பாரம் கர்த்தருடையது அல்ல. கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8 சொல்லிவிட்டது. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது இயேசு இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்றார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். புருஷன் அடிப்பது கர்த்தருடைய சிட்சை அல்ல. முதலாளி சம்பளத்தில் ஏமாற்றுவதும் அல்ல. "இந்தக் காணிக்கையைக் கட்டினால் சாபம் விலகும்" என்று ஊழியக்காரர் கேட்கும் பணத்துக்கும் சிட்சைக்கும் சம்பந்தமே இல்லை, சிலுவையில் தீர்ந்த கணக்குக்கு யாரும் தவணை கட்டத் தேவையில்லை. வீட்டில் அடி விழுகிறதென்றால் சகித்துக்கொண்டிரு என்று சொல்பவர் மூப்பராகவே இருந்தாலும் கேட்க வேண்டாம். போலீஸில் புகார் கொடுங்கள், தாலியான் காசே உதவி எண் 15999க்குப் போன் செய்யுங்கள். 1994இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்த நாடு இது, பாதுகாப்பு உத்தரவு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஜெபத்தில் அழுங்கள், முறையிடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதத்திலேயே இருக்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் வெளிச்சத்துக்கு வராமல் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்தால் முடிவு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பதால், இன்னும் முடியாத கஷ்டத்தில் இருப்பவர் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அவர் மாம்சத்தில் இருந்த முள், அவரை வாட்டிய அந்த வேதனை, போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. அதுவும் சாட்சிதான், அப்படியே எழுந்து சொல்லுங்கள்.

இதை வாசிக்கிற நீங்கள் கஷ்டத்தில் இல்லாமல், கஷ்டத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவராக இருந்தால், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள், தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள், கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல்தான். "இதில் ஏதோ ஒரு நோக்கம் இருக்கும், சிஸ்டர்" என்பதை விட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கொண்டுபோங்கள், மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கார் இருக்கிறதா என்று கேளுங்கள், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஏற்றி வருவதாகச் சொல்லுங்கள். எபிரெயர் 12ஐ அவர்களாகவே கேட்டால் திறங்கள், அப்போதும் 10ஆம் அதிகாரத்திலிருந்து.